விருந்தாளிகள் ஒரு வாரம் தங்க வந்தால்: சேலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

போன டிசம்பரில் எட்டு நாள் எங்கள் வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். நாங்கள் நாலு பேர், மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்த என் வீட்டுக்காரரின் கல்லூரி நண்பர் குடும்பம் நாலு பேர், சென்னையிலிருந்து வந்த இன்னொரு நண்பர் குடும்பம் மூன்று பேர். அஸ்தம்பட்டி பக்கம் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. பாத்ரூம் ஒன்றரை. அந்த அரை எது என்று கேட்காதீர்கள், மாடிப்படிக்குக் கீழே குனிந்து போக வேண்டியது.

வந்தவர்களின் ஆசை மூன்று: ஏற்காடு பார்க்க வேண்டும், கடல் பார்க்க வேண்டும், மிச்ச நேரம் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் முதல் இரண்டுக்கு மட்டும் திட்டம் போட்டோம். தடுமாறியதெல்லாம் மூன்றாவதில்தான். ஊர் சுற்றுவதற்குக் காசு கொடுத்தால் வண்டி வரும். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் காசு கொடுத்தாலும் ஒன்பது மணிக்கு முன்னால் ஒன்றும் நடக்காது. அதனால் இதைப் படிப்பவர்கள் வீடு பற்றிய நாலாவது பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. தேதி குறிப்பதற்கு முன்

விருந்தாளிக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போதுதான் வருவார், சரி. ஆனாலும் ஒரு வாரம் முன்னே பின்னே தள்ள முடியுமானால் கேட்டுப்பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் புதுச்சேரியில் அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் முழுதாக விலகியிருக்காது. பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள நாட்கள் என் கணக்கில் சிறந்தவை: மலையில் குளிர், கடற்கரையில் வெயில் குறைவு, கூட்டமும் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிடவென்றே கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் ஏமாற்றம், விலையும் ஏறிவிடும். ஆனால் சேலத்து மாம்பழம் அப்போதுதான். மல்கோவாவா, வஞ்சிரமா என்று விருந்தாளியையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. திருவிழா பார்க்க வருகிறவர்களாக இருந்தால் அருமை. இல்லையென்றால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போவதையே மறந்துவிடுங்கள்.

2. வெளிநாட்டு விருந்தாளி என்றால் முதல் வேலை இது

இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கிள்ளான் நண்பர் வந்து இறங்கிய அன்று இரவு, எதிர்வீட்டு ஐயா பேச்சோடு பேச்சாக, "பார்ம் சி போட்டாச்சா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நீங்கள் தகவல் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. வாடகை வாங்காத சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் உண்டு. கட்டணம் எதுவும் இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், தகவல் பதிவதற்கு முன்னால் தங்க இடம் கொடுப்பவராக உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு உங்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்கும். அந்தக் கணக்குக்கு ஒப்புதல் வர நேரம் எடுக்கும். விருந்தாளி வந்த பிறகு தொடங்கினால் 24 மணி நேரம் அங்கேயே ஓடிவிடும். பத்து நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். எங்களைப் போல மாட்டிக்கொண்டால், மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும், வெளியே இருப்பவர்கள் எஸ்.பி. அலுவலகத்திலும் வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் பிரிவில் நேரில் போய் விசாரிக்கலாம். எங்களுக்கு அரை நாள் அதிலேயே போனது. என் வீட்டுக்காரர் லீவு போட்டதே நண்பரோடு இருக்கத்தான். அந்த லீவில் பாதி பெஞ்சில் உட்கார்ந்தே கழிந்தது.

விருந்தாளியிடமிருந்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கி வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கம், விசா, பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, இந்தியாவுக்கு வரும் தேதி, கிளம்பும் தேதி, அடுத்து எங்கே போகிறார் என்ற விவரம், இரண்டு ஊர் செல்போன் எண்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்தியதும் அந்தப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். நாங்கள் பெரியவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம்.

ஏற்காட்டிலோ கடற்கரையிலோ அறை எடுத்தால் அங்கே அவர்களே பதிவார்கள். ஆனால் சின்ன ஹோம்ஸ்டேக்களில் சில இந்தப் பதிவுக் கணக்கு வைத்திருப்பதில்லை. வாசல் வரை போன பிறகு "பாரின் பாஸ்போர்ட்டா, வேண்டாங்க" என்பார்கள். முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மூர்க்காரர்களுக்கும் பெரியவர்கள் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒருத்தர் ஆதாரை மட்டும் காட்டி ஐந்து பேர் தங்க இப்போது பெரும்பாலும் விடுவதில்லை.

3. அழைத்து வருவது

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது, விமானங்கள் குறைவு. மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்குத் திருச்சிதான் வசதி. அங்கிருந்து நாமக்கல் வழியாக மூன்று மணி நேரம். விமானம் இறங்கிய பின் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். வாடகை வண்டிக்குக் காத்திருப்புக் கணக்கு ஓடுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களிடம் "சேலம் ஜங்ஷனா, டவுனா" என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் வண்டி டவுன் ஸ்டேஷனில் நின்றுவிட்டுத்தான் ஜங்ஷனுக்கு வரும். சென்னை நண்பர் "சேலம் வந்துடுச்சு" என்று டவுனில் இறங்கிவிட்டார், என் வீட்டுக்காரர் ஜங்ஷனில் நாலாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலை நாலு மணிக்கு முன்னே பின்னே இறங்க வேண்டும், அலாரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் போகிற ஆம்னி பஸ் பல சமயம் ஊருக்குள் வராது. சீலநாயக்கன்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, மற்றதுக்கு 11 மணி. இணையத்தில் தட்கல் போட இப்போது ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதைக் காலை 9.58-க்குச் செய்யலாம் என்று உட்காராதீர்கள்.

4. வீடு: தண்ணீர், கேஸ், கரண்ட், மாவு

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. பதினோரு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,485 லிட்டர். எங்கள் மொட்டைமாடி சின்டெக்ஸ் 1,000 லிட்டர். கீழே சம்ப்பு 4,000. குழாயில் தண்ணீர் தினமும் வராது, நாள் விட்டுத்தான் வரும், சில சமயம் இன்னும் தள்ளிப்போகும். நாலு பேருக்கு இது போதும், ஒரு குறையும் தெரியாது. மூன்றாம் நாள் விடியற்காலை மோட்டார் போட்டேன். வழக்கமான "ம்ம்ம்" சத்தம் இல்லை. தகரத்தில் கூழாங்கல்லை உருட்டியது போல ஒரு சத்தம். சம்ப்பு மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால், அடியில் ஒரு சாண் கலங்கல், அதில் எங்கள் பையன் மூன்று மாதம் முன் தொலைத்த பந்து. அப்போது உள்ளே தலைக்கு ஷாம்பூ போட்ட நிலையில் கிள்ளான் அக்கா, "தங்கச்சி, தண்ணி நின்னுடுச்சும்மா" என்றார்.

செய்ய வேண்டியது: விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் சம்ப்பு, மேல்தொட்டி இரண்டும் ரொம்பியிருக்க வேண்டும். இரண்டாம் நாளுக்கு ஒரு டிராக்டர் டேங்கர் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட்டபோது எங்களிடம் 1,200 வாங்கினார்கள், அடுத்த தடவை முந்தின நாளே சொன்னதற்கு 900. வாடகை வீடென்றால் வீட்டு ஓனரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏழு பேர் வருகிறார்கள் என்பதைப் பெட்டிகளைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. எங்கள் ஓனரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது தண்ணீருக்காக இல்லை, சொல்லாததற்காக.

குடிக்க 20 லிட்டர் கேன். ஒரு நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருந்தது, சமையலுக்கும் சேர்த்து. கூடுதல் கேனுக்கு முன்பணம் கேட்பார்கள், எத்தனை கேன், எவ்வளவு பணம் என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.

கேஸ்: ஒரு சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று முழுதாக இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். "இருக்கும்" என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். புக் செய்த போனுக்கு வரும் குறியீட்டு எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டரை இறக்குவார்கள். அந்தப் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஏற்காடு போய்விட்டால் சிலிண்டர் திரும்பிப் போய்விடும். எங்கள் வீட்டில் போனது.

கரண்ட்: இரண்டு விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணைமின் நிலையத்தில் ஒரு நாள் மின்தடை வரும். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயர்களோடு போடுவார்கள். காலை 9 மணிக்குப் போனால் மதியமோ மாலையோதான் வரும். அன்று மோட்டார், கிரைண்டர், மிக்ஸி வேலையெல்லாம் எட்டரைக்குள் முடிய வேண்டும். அந்த நாளை வெளியே போகும் நாளாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அடுத்தது பில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். ரீடிங் எடுக்க நாலு நாள் இருக்கும்போது மீட்டரை ஒரு தடவை பாருங்கள். 480-இல் நின்றால் கெய்சர் போடுவதற்குப் பதில் அண்டாவில் வெந்நீர் வைக்கலாம்.

பாத்ரூம் வரிசை: கேட்க வெட்கமாக இருக்கும், ஆனாலும் முதல் நாள் இரவே பேசிவிடுங்கள். ஆபீஸ் போகிறவர், பிறகு குழந்தைகள், பிறகு மற்றவர்கள். வெளியே கிளம்பும் நாளில் பாதிப் பேர் முந்தின இரவே குளித்துவிட வேண்டும். பதினோரு பேர் ஒரே காலையில் குளித்து ஏழு மணிக்குக் கிளம்பிய குடும்பம் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

சாப்பாடு: ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஐம்பது, ஐம்பத்தைந்து இட்லி வரும். பதினோரு பேருக்கு ஒரு வேளை அவ்வளவுதான். இரண்டு லிட்டர் கிரைண்டரில் இதை இரண்டு ஈடாகத்தான் ஆட்ட முடியும். மார்கழிக் குளிரில் மாவு ஒரு ராத்திரியில் பொங்காது, மதியமே ஆட்டி அடுப்புப் பக்கம் மூடி வையுங்கள். தினமும் இட்லி என்று வீம்பு பிடிக்காமல் ஒரு நாள் ரவா உப்புமா, ஒரு நாள் கடையிலிருந்து பூரி என்று போனால் நீங்களும் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம். ஆவின் பால் பச்சை பாக்கெட் காபிக்குப் போதும், ஆரஞ்சு பாக்கெட் கொழுப்பு அதிகம், தயிருக்கு நன்றாக இருக்கும். காய்கறிக்குச் சூரமங்கலமோ அம்மாபேட்டையோ எது பக்கமோ அந்த உழவர் சந்தைக்கு ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் வாடிய கீரைதான் மிச்சம்.

5. ஏற்காடு

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் அளவில், 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். ஏரிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தபோது மணி ஒன்றேமுக்கால். படகுக்கு வரிசையைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளே "வேணாம்" என்றார்கள்.

செவ்வாய், புதன் போல ஒரு நாள், காலை ஆறரைக்குள் அடிவாரம் தாண்டுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, அதை வைத்து ஏற்காட்டுக்கும் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், துணிப்பை போதும்.

வண்டி ஓட்டுகிறவருக்கு: ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். சென்னை நண்பர் பிரேக்கை மிதித்தபடியே இறக்கிய கார் எட்டாவது வளைவு பக்கம் ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறப்போட்டோம். அங்கேதான் குரங்குகள் திறந்திருந்த கண்ணாடி வழியாக முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிப்போயின. மலைப்பாதையில் நிறுத்தினால் கண்ணாடியை ஏற்றுங்கள். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, வெறும் வயிற்றிலும் இல்லாமல் முட்ட முட்டவும் இல்லாமல் இரண்டு இட்லியோடு கிளப்புங்கள்.

கோடை விழா நாட்களில் ஏறுவது ஒரு வழி, இறங்குவது குப்பனூர் வழி என்று போலீஸ் திருப்பிவிடுவதுண்டு. சாதாரண நாளிலும் குப்பனூர் வழியாக இறங்கிப் பாருங்கள், கூட்டம் குறைவு.

பார்க்க வேண்டியதில் என் வரிசை: முதலில் பகோடா பாயின்ட், பனி விலகும் நேரத்தில். அப்புறம் சேர்வராயன் கோயில், மலையின் உச்சி. குகைக்குள் குனிந்து போக வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் வெளியே காற்று வாங்கலாம், அந்தக் காற்றுக்கே போகலாம். ஏரியில் படகு காலையிலேயே முடித்துவிடுங்கள். லேடிஸ் சீட் காட்சிமுனையை மாலைக்கு வையுங்கள், சேலம் முழுக்க விளக்குப் போட்ட நேரத்தில் கீழே தெரியும். கிளியூர் அருவி மழைக்குப் பின் சில வாரங்கள்தான் அருவி, மற்ற நாளில் பாறை. படிகள் செங்குத்து, இறங்குவது சுலபம். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டு ஏற முடியாமல் நிற்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் போனால் எஸ்டேட் ஓரம் காப்பிச் செடியில் சிவப்புப் பழம் இருக்கும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், பறிக்க விடாதீர்கள்.

6. கடல்

சேலத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் மேட்டூர்தான் என்று ஒரு கேலி உண்டு. உண்மையில் நேரம் இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம், அணை, பூங்கா, வாழை இலையில் பொரித்த மீன், மாலையில் வீடு. ஆனால் கிள்ளான் நண்பர் "கிழக்கே நின்னு அந்தப் பக்கம் எங்க ஊருன்னு புள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றார். சரி, நிஜக் கடல்.

புதுச்சேரி 220 கிலோமீட்டர் அளவு. வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். நிறுத்தாமல் போனால் நாலரை மணி நேரம், குழந்தைகளோடு ஆறு. இதை ஒரே நாளில் போய் வரலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நாங்கள் நம்பினோம். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, இரவு ஒன்றரைக்கு வந்து சேர்ந்தோம். பதினோரு பேரும் கடலில் கால் வைத்த நேரம் மொத்தம் ஐம்பது நிமிடம். ஒரு இரவு தங்குங்கள்.

எங்கே தங்குவது? புதுச்சேரியில் கடற்கரைச் சாலை அழகு, மாலையில் வண்டிகளை விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். ஆனால் அங்கே கரை பெரும்பாலும் பாறை, குழந்தைகள் மணலில் விளையாட வேறு இடம் போக வேண்டும். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணல் அகலம், அறை வாடகையும் குறைவு. உளுந்தூர்பேட்டையிலிருந்து பண்ருட்டி வழியாகப் போகலாம், வழியில் முந்திரி வாங்கலாம். இரண்டாம் நாள் அங்கிருந்து பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் படகு. அங்கே மோட்டார் படகு வேகமாகப் போகும், ஆனால் மரங்கள் கூரை போட்ட குறுகிய கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் நுழையும். துடுப்பையே கேளுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் சிதம்பரம் கோயிலுக்குப் போய்விடலாம். மதியம் போனால் சாயங்காலம் வரை வெளியே உட்கார வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் கடலூரையே சொல்வேன்.

கடலில் இறங்குவது பற்றி ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் அலை இழுக்கும். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தி பாருங்கள். ஏற்றியிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் உள்ளே போவார்கள். அதனால் அவர்கள் மேல்தான் கண் இருக்க வேண்டும்.

வண்டி: பதினோரு பேருக்கு 12 சீட் வேன் ஒன்று, சொந்தக் காரும் இன்னோவாவும் சேர்த்து இரண்டு வண்டி என்று பார்த்ததில் வேன் மலிவாக வந்தது. மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வண்டி, வெள்ளை போர்டு, கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் குறைவு என்று வருவார்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசம் என்பதால் பர்மிட் இருக்கிறதா, கட்டணம் யார் தருவது என்று முன்பே பேசுங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, இரவு பேட்டா, டோல், பார்க்கிங் இந்த ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் "எல்லாம் சேர்த்துத்தாங்க" என்றவர் இறக்கிவிடும்போது பேட்டா தனி என்றார். சொந்தக் காரில் போனால் பாஸ்டேக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கட்டும். டேக் இல்லாமல் போனால் கட்டணம் கூடும்.

இன்னொரு பொறி, ஆண்களுக்கு. புதுச்சேரியில் விலை குறைவு என்று பாட்டில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு வரக் கூடாது. எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு, வண்டியும் போகும். அது வாடகை வண்டியாக இருந்தால் டிரைவரின் பிழைப்பும் போகும். கிளம்பும் முன் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள், அப்புறம் யாரும் "தெரியாதுங்க" என்று சொல்ல முடியாது.

டிக்கியில் ஒரு 20 லிட்டர் கேன் சாதாரணத் தண்ணீர், ஒரு மக்கு, பழைய துண்டுகள் நாலு. வண்டியில் ஏறுவதற்கு முன் கால் கழுவத்தான். முன்பொரு தடவை கடலுக்குப் போனபோது எங்கள் காரில் சீட் நகரும் தண்டவாளத்தில் புகுந்த மணல் இன்றும் நறநறவென்கிறது.

7. நடுவில் இரண்டு வெறும் நாள்

மலைக்கு அடுத்த நாளும் கடலுக்கு அடுத்த நாளும் எதுவும் வைக்காதீர்கள். துவைக்க ஒரு நாள் வேண்டும். பேசவும் வேண்டும், அவர்கள் வந்ததே அதற்கு. மாலையில் நடந்து போய்த் தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுங்கள்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு விதச் சட்னி. வாங்கிய உடனே வாயில் போட வேண்டும், பார்சல் கட்டினால் வீடு வருவதற்குள் நமுத்துவிடும். கிள்ளான் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்காட்டை விட இதைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள், போனில் பேசினால் "செட்டு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கொலுசு வாங்க வேண்டுமென்றால் செவ்வாய்ப்பேட்டை. எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), கூலி எவ்வளவு, திரும்பக் கொடுத்தால் எப்படி எடுப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள், பில் வாங்குங்கள். சேலைக்கு இளம்பிள்ளை. அதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும், அரை நாளில் முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

8. செலவு

எங்களுக்கு ஆனது, பயண டிக்கெட் சேர்க்காமல்: மளிகை, காய், பால், கறி எல்லாம் 14,000. தண்ணீர் லாரியும் கேனும் 3,500. ஏற்காடு இரண்டு காருக்கும் எரிபொருள், படகு, சாப்பாடு சேர்த்து 6,000. கடல் பயணத்துக்கு வேன் 13,500, சாப்பாடு 5,000. அறை எடுத்திருந்தால் இன்னும் எட்டாயிரமாவது ஆகியிருக்கும், ஆனாலும் எடுத்திருக்க வேண்டும். நண்பர்கள் பங்கு தருகிறேன் என்பார்கள். வேனுக்கும் அறைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கு வாங்காதீர்கள். இது என் கருத்து, எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி.

9. அனுப்பி வைக்கும் நாள்

திருச்சியில் வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும், பயணம் மூன்று மணி நேரம், நாமக்கல்லில் ஒரு காபி. விமான நேரத்திலிருந்து ஏழு மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊறுகாய், தொக்கு கைப்பையில் போகாது, பெரிய பெட்டிக்குள் டேப் சுற்றி வையுங்கள். பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். பழைய பேப்பர்க்காரர் தராசு ஒன்று இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறோம்.

அவர்கள் கிளம்பியதும் குடியேற்றத் துறை இணையதளத்தில் புறப்பட்ட தேதியைப் பதிந்துவிடுங்கள். கட்டில் அடியில், பாத்ரூம் ஆணியில், சார்ஜர் பாயின்டில் பார்த்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள். காலி கேன்களை மறுநாளே திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிவிடுங்கள். எங்களுடையது இரண்டு இன்னும் மொட்டைமாடியில் கிடக்கிறது, ஒன்றில் ஓனரம்மா கறிவேப்பிலை வைத்துவிட்டார்.